இல்லத்திற்கு ஏற்ற வர்ணம்

தை பிறப்பதற்கு முன்னர் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். போகிக்கு முந்திய வாரத்தில் சுண்ணாம்பு ஊறிய பானையும், நசுக்கிய தென்னை மட்டையும் வீட்டு வாசலில் வந்து நிற்கும். சுவர் முழுதும் வெள்ளை; அடியில் ஒரு முழ உயரத்திற்குக் காவி. வர்ணத் தேர்வு என்னும் பிரச்சினையே அக்காலத்தில் எழவில்லை. கிடைத்தவை இரண்டே வர்ணங்கள். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன.

இன்றைய நிலை வேறு. வர்ணக் கடையில் நம் கையில் கொடுக்கப்படும் அட்டைப் புத்தகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாயைகள் இருக்கின்றன. அதைப் புரட்டிப் பார்த்து, மனத்துக்குப் பிடித்த ஒன்றை விரல் வைத்துக் காட்டிவிட்டு வருகிறோம். சுவரில் ஏறிய பிறகோ அது நாம் கண்ட நிறமாக இருப்பதில்லை. சில வேளைகளில் அடுத்த மழைக்காலத்திலேயே உரிந்து விழுகிறது. தறியில் உட்கார்ந்து பல வாரங்கள் சம்பாதித்த பணம் சுவரிலிருந்து செதிள் செதிளாக உதிர்வதைக் காண்பது எளிதன்று. அதே சமயத்தில் நமது சங்கங்களின் அலமாரிகளில் நல்ல திரைத்துணியும் படுக்கை விரிப்பும் வாங்குவாரின்றி இருக்கக் காண்கிறோம். இவ்விரு நிலைமைகளுக்கும் உள்ள தொடர்பை அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் கூற விரும்புவது சுருக்கமானது: வர்ணத்தைச் சுவரிலிருந்து தொடங்காதீர்கள், துணியிலிருந்து தொடங்குங்கள். சுவர் அமைதியான பின்னணியாக இருக்கட்டும். வீட்டின் வர்ணத்தைத் துணி தாங்கட்டும். இவ்வாறு செய்தால் செலவு குறையும், தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ளலாம், நெசவாளிக்கும் வேலை கிடைக்கும்.

முதலில் சுவரின் உடல்நிலை

எந்த வர்ணம் என்று கேட்பதற்கு முன்னால், சுவர் எந்த வர்ணத்தையாவது தாங்கும் நிலையில் உள்ளதா என்று கேட்க வேண்டும். சிட்லபாக்கம் பகுதியில் இக்கேள்வி மிக முக்கியமானது. சிட்லபாக்கம், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய ஊர்கள் யாவும் ஏரிகளைச் சூழ எழுந்தவை. ஏரிக்கு நீர் ஓடிவந்த தாழ்ந்த நிலங்களில் பிற்காலத்தில் வீடுகள் பெருகின. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்நாளில் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க முடியாது. தண்ணீர் வடிந்து தரை உலர்ந்துவிடலாம். சுவருக்குள் புகுந்த ஈரம் அவ்வளவு விரைவில் வெளியேறுவதில்லை. அது செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் வெண்மையாகப் பூத்து நிற்கிறது. அதற்கு மேல் பூசிய வர்ணத்தை இவ்வுப்பே தள்ளி உரித்துவிடுகிறது.

இங்கே நம் முன்னோரின் பொங்கல் வழக்கத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நம் பகுதிக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக் காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்து முடிந்ததும் தை வருகிறது. அப்போது சுவரில் ஈரம் முற்றும் நீங்கியிருக்காது. சுண்ணாம்புக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடியும் கல்லாக மாறும் பொருள். இம்மாற்றத்துக்குச் சிறிது ஈரம் வேண்டும். அன்றியும், சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உள்ளமையால் சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். அதன் காரத்தன்மை பூஞ்சைக் காளானையும் எளிதில் வளரவிடாது.

எமல்ஷன் என்று வழங்கும் பிளாஸ்டிக் வர்ணத்தின் இயல்பு வேறு. அது சுவரின் மேல் மெல்லிய தோல்போலப் படிகிறது. உலர்ந்த சுவரில் அது அழகாகவும் உறுதியாகவும் நிற்கும். துடைக்கவும் கழுவவும் ஏற்றது. ஈரச் சுவரிலோ, உள்ளிருக்கும் நீர் அத்தோலைக் கொப்புளமாக எழுப்பிவிடும். ஆக, நாம் செய்துவரும் பிழை யாதெனில், சுண்ணாம்புக்கு ஏற்பட்ட காலத்தை வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் மாற்றிவிட்டதே. பிளாஸ்டிக் வர்ணம் பூசுவதாயின் தைக்கு முன் அவசரப்படாமல், மாசி பிற்பகுதி தொடங்கி வைகாசிக்குள், வெயில் சுவரை உலர்த்திய பின் பூசுவதே முறை. பொங்கலுக்குள் வீடு புதிதாகத் தோன்ற வேண்டுமென்றால் சுண்ணாம்பு அடிப்பதே நலம்.

ஈரம் உண்டா என்பதை அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒரு முழச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுத்தாளால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஓர் இரவும் ஒரு பகலும் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பியிருந்தாலும், சுவர் அவ்விடத்தில் கறுத்திருந்தாலும் வேலையைத் தள்ளிப்போடுவதே சரி. கசியும் குழாய், வெடித்த கைப்பிடிச் சுவர், தரை வழியே ஏறும் நிலத்தடி ஈரம் ஆகிய மூலத்தைச் சரிசெய்யாமல் எத்தனை விலை உயர்ந்த வர்ணம் பூசினாலும் பயனில்லை. புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவராயின், குறைந்தது நான்கு வாரங்களாவது உலரவிட வேண்டும்.

வெளிச்சத்தின் திசை

வர்ணம் என்பது பொருளில் மட்டும் இருப்பதன்று. அதன்மேல் விழும் வெளிச்சத்திலும் இருக்கிறது. நெசவாளிகளுக்கு இதை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடை விளக்கொளியில் ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு நூல்கள், வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால் வேறுபட்டு நிற்பதை அவர்கள் பலமுறை கண்டிருப்பர். ஆதலால் அனுபவமுள்ளவர்கள் நூலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வருவார்கள். சுவருக்கும் அதே எச்சரிக்கை வேண்டும்.

வடக்கு நோக்கிய சாளரத்தில் ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயில் படாது. அங்கே வெளிச்சம் சீராகவும் சற்றுக் குளிர்ந்த நிறத்துடனும் இருக்கும். அவ்வறைக்கு இளமஞ்சள், சந்தனம், இளஞ்செம்மை போன்ற வெம்மை நிறங்கள் பொருந்தும். மேற்குச் சாளரத்தில் பிற்பகல் வெயில் மஞ்சளாகச் சாய்ந்து விழும். அங்கே சுவரும் மஞ்சளாக இருந்தால் கண் கூசும். வெளிர் நீலமோ, சாம்பல் கலந்த பச்சையோ, தூய வெள்ளையோ இருப்பின் இதமாகத் தோன்றும். கிழக்கு அறை காலையில் வெளிச்சமாகவும் மாலையில் மங்கலாகவும் இருக்குமாதலால், இரு வேளையிலும் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். தெற்கு அறையைப் பற்றி ஒரு செய்தி: நம் பகுதியில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது; இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்கிறது. ஆகவே தெற்குச் சாளரத்தில் மார்கழி வெயில் நன்கு நுழையும். கோடை வெயில் அவ்வளவாக நுழையாது.

அடுத்தது, நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பது. நன்கு அடித்த வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். கருநீலமும் அரக்கும் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவது அரிது. ஒரே சாளரமுள்ள தறிக்கூடத்தில் ஆழ்ந்த நிறம் பூசினால் பகலிலேயே விளக்கு ஏற்ற நேரும். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியாது. தறி உள்ள அறைக்கு வெள்ளையோ மிக வெளிறிய நிறமோதான் தகுதி. சுவரின் நிறம் நூலின் நிறத்தையும் மாற்றிக் காட்டுமாதலால், வர்ண நூல் பிரிக்கும் இடத்தில் வெள்ளையைத் தவிர வேறு நிறமே வேண்டாம்.

வீட்டின் உள்ளே நீல நிறம் பூசினால் வெப்பம் குறையும் என்று சிலர் நம்புகின்றனர். அது கண்ணுக்குக் குளிர்ச்சியேயன்றி உடலுக்கன்று. உண்மையில் வெப்பத்தைக் குறைப்பது வெளிப்புற நிறமே. வெயில் விழும் மேற்கூரைத் தளத்துக்கும் மேற்குச் சுவரின் வெளிப்புறத்துக்கும் வெள்ளை அடிப்பதால் கூரையின் கீழுள்ள அறை தெளிவாகக் குளிர்கிறது. வர்ணத்துக்கென ஒதுக்கிய பணத்தில் முதற்பங்கு மொட்டைமாடிக்குச் செல்லட்டும்.

அடுத்த நிறம் செய்யும் மாயம்

நிறங்களைப் பற்றிய பேருண்மை ஒன்று நெசவுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்பது நம் தொழிலுக்குப் பெருமை தருவது. பாரிஸ் நகரில் கோபலின் என்னும் புகழ்பெற்ற சித்திரத் திரைச்சீலை நெசவுசாலை உள்ளது. 1824-ஆம் ஆண்டில் செவ்ரூல் என்னும் இரசாயன அறிஞர் அங்கே சாயப் பகுதியின் தலைவராக அமர்ந்தார். கறுப்புச் சாயம் வலுவின்றி இருக்கிறது என்ற புகார் அவரிடம் வந்தது. நீலத் துணி மடிப்புகளின் நிழலைக் காட்ட நெய்த கறுப்பு, கறுப்பாகத் தோன்றவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் அந்நூலைச் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையில்லை. குறை பக்கத்தில் இருந்த நீலத்தினால் விளைந்தது. ஒரு நிறம், தன் அருகிலுள்ள நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளிக் காட்டுகிறது என்ற விதியை அவர் ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார்.

சிவப்புக்கு எதிர் பச்சை. நீலத்துக்கு எதிர் செம்மஞ்சள். மஞ்சளுக்கு எதிர் ஊதா. இவ்விதி வீட்டில் எவ்வாறு செயல்படுகிறது? சாம்பல் நிறச் சுவரில் இரத்தச் சிவப்புத் திரையைத் தொங்கவிட்டால், சுவர் சற்றுப் பச்சை படிந்தாற்போல் தோன்றும். கரும்பச்சை ஜமக்காளத்தின் அருகே பால்நிறச் சுவர் இளஞ்சிவப்பாகத் தோன்றும். கடையில் பார்த்த நிறமல்ல என்று வர்ணம் பூசியவரிடம் சண்டை போடுவதற்கு முன், அருகில் என்ன நிறம் இருக்கிறது என்று பார்ப்பது நியாயம். எதிர் நிறங்கள் இரண்டும் முழு வலிவோடு சம அளவில் அருகருகே நின்றால் கண்ணுக்கு ஓய்வு இராது. ஒன்று பெரிதாகவும் வெளிறியும், மற்றது சிறிதாகவும் ஆழ்ந்தும் இருந்தால் இரண்டும் சிறக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. அட்டையில் விரலளவு தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது, ஒரு சுவரின் நிறம் மற்றொரு சுவரில் விழுந்து திரும்புவதால் பன்மடங்கு ஆழ்ந்து தோன்றும். எனவே அட்டையில் மனத்துக்குப் பிடித்ததைவிட இரண்டு படி வெளிறிய சாயையையே தேர்ந்தெடுங்கள்.

சேலை கற்பிக்கும் பாடம்

எத்தனை நிறம், எவ்வளவு என்பதற்கு நாம் வெளியே சென்று பாடம் கற்க வேண்டியதில்லை. நம் வீட்டுச் சேலையே அதைக் கற்பிக்கிறது. சேலையில் உடல் ஒரு நிறம், அதுவே பெரும்பகுதி. கரை இன்னொரு நிறம். அது உடலுக்கு எல்லை கட்டுகிறது. முந்தானை மூன்றாவது, அளவில் சிறிது, அழகில் பெரிது. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயினும் சண்டையிடாமல் இணைவது இவ்வளவு முறையினாலேயே. மூன்றும் சம அளவில் இருந்தால் அது சேலையாகத் தோன்றாது.

அறைக்கும் இவ்வாறே கணக்கிடலாம். சுவரும் கூரையின் உட்புறமும் உடல். பத்தில் ஆறு பங்கு அதற்கு; அது வெளிறியும் அமைதியாகவும் இருக்க வேண்டும். கதவு, சாளரம், தரை விரிப்பு, திரை ஆகியவை கரை. பத்தில் மூன்று பங்கு. தலையணை உறை, மேசை விரிப்பு, சுவர்ப் படம், பூஜை அறையின் சிறு திரை ஆகியவை முந்தானை. எஞ்சிய ஒரு பங்கு. வாடாமல்லி, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை போன்ற வலிய நிறங்களுக்கு இடம் முந்தானையிலேயே. இவற்றில் ஒன்றை நான்கு சுவரிலும் பூசுவது முந்தானையைச் சேலை முழுதும் நெய்வதற்கு ஒப்பாகும்.

அறைக்கு அறை முற்றிலும் வேறு நிறம் பூசுவது இப்போது வழக்கமாகி வருகிறது. சிறிய வீட்டில் இது பொருந்துவதில்லை. கூடத்திலிருந்து பார்த்தால் படுக்கையறையும் அடுக்களையும் ஒருங்கே தெரியும் வீட்டில் மூன்று நிறச் சுவர்கள் மூன்று துண்டுகளை ஒட்டுப்போட்டது போலிருக்கும். வீடு முழுவதற்கும் உடல் நிறம் ஒன்றாகவே இருக்கட்டும். அறைக்கு அறை முந்தானை மாறட்டும்.

துணியிலிருந்து தொடங்குவது ஏன்?

கடையில் கலவை இயந்திரம் எந்தச் சுவர் நிறத்தையும் சில நிமிடங்களில் கலந்து கொடுத்துவிடும். துணியின் நிறமோ அவ்வாறன்று; நூல் சாயமேறி, பாவாகி, தறியில் நெய்து முடிந்த நிறம் அது. சுவருக்கு ஏற்ற துணியைத் தேடி அலைவது கடினம். துணிக்கு ஏற்ற சுவர் வர்ணத்தைக் கலப்பது எளிது. இந்த எளிய உண்மையை மறந்து தலைகீழாகச் செய்வதாலேயே பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

ஆகவே வரிசை இவ்வாறு அமையட்டும். மாற்ற முடியாதவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: தரை, மரக் கதவு, அடுக்களைக் கல். பிறகு துணிகளைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாகச் சுவர். ஓர் உதாரணம் கூறுவோம். சிட்லபாக்கத்தில் வடக்கு நோக்கிய ஒரு சிறு வீடு. தரை சிவப்பு ஆக்சைடு பூசியது. கதவுகள் தேக்கு நிறம். இத்தரை தானே வலிய நிறமுடையது. இதற்கு நீலமும் வெள்ளையும் கலந்த கட்டம்போட்ட திரை நன்கு பொருந்தும். செம்மைக்கு நீலம் தணிவு தரும். சுவருக்குத் தூய வெள்ளை வேண்டாம். வடக்கு வெளிச்சத்தில் அது சோகை பிடித்தாற்போல் தோன்றும். திரையிலுள்ள வெள்ளை நூலுக்குச் சற்று மஞ்சள் கலந்தாற்போன்ற பால்நிறம் போதும். தலையணை உறைகளில் மாம்பழ மஞ்சள் ஒரு கீற்று. இவ்வளவே அந்த அறையின் வர்ணத் திட்டம். சில ஆண்டுகள் கழித்து அலுத்துப்போனால் மஞ்சள் உறைகளை எடுத்துவிட்டுக் கிளிப்பச்சை போடலாம். சுவரைத் தொட வேண்டியதில்லை.

இதற்கு வேண்டிய துணிகள் யாவும் நம் மாநிலத்திலேயே நெய்யப்படுகின்றன. பவானி ஜமக்காளத்தின் அகன்ற பட்டைகள், சென்னிமலைப் போர்வைகள், கரூர்த் திரைத்துணிகள், பத்தமடைக் கோரைப் பாய்கள் ஆகியவற்றை அறியாதார் இல்லை. 1935-இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் கோ-ஆப்டெக்ஸ் நிலையங்களில் இவற்றிற் பலவற்றை ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நமக்கு அணித்தேயுள்ள அனகாபுத்தூர், சிட்லபாக்கத்தைப் போலவே 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் மதராஸ் கைக்குட்டை என்னும் கட்டத்துணியை நெய்து மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜீரியாவுக்கு அனுப்பிய ஊர் அது. அந்த வாணிகம் தளர்ந்த பின், வாழை நாரிலும் சணலிலும் நெய்யும் முயற்சியை அங்குள்ளோர் மேற்கொண்டனர். வாழை நாரின் இயற்கையான வெளிர் பழுப்பு எந்தச் சுவருக்கும் பொருந்தும் நிறம் என்பதை வாழை பயிரிடும் அங்கத்தினர்களும் கவனிக்க வேண்டும்.

சாயம் நிற்குமா?

துணியை நம்பி அறையின் வர்ணத்தை அமைப்பதென்றால், துணியின் சாயம் நிற்க வேண்டும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற மதராஸ் கட்டத்துணி, சலவையில் சாயம் கலந்து ஓடியதால் வாங்கியோர் கொதிப்படைந்தனர். சாயம் ஓடுவதே இத்துணியின் தனிச்சிறப்பு என்று விளம்பரம் செய்து அக்கடைக்காரர்கள் சமாளித்துக்கொண்டனர். உடையில் அது நாகரிகமாகிவிட்டது. நம் வீட்டுத் திரையில் அது செல்லாது.

இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்கலாம். துணியின் ஓரத்தைச் சோப்பு நீரில் நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள்; வெள்ளையில் நிறம் ஏறினால் அத்துணியைத் தனியே துவைக்க வேண்டும். ஒரு சிறு துண்டின் பாதியை அட்டையால் மூடி இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வேறுபாடு தெரிந்தால் அதை மேற்குச் சாளரத்தில் தொங்கவிடலாகாது. பருத்தியில் வாட் சாயம் வெயிலையும் சலவையையும் நன்கு தாங்கும். இயற்கைச் சாயங்களில் அவுரி நீலம் ஓரளவு நிற்கும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். வாங்குவோர் கேட்பதற்கு முன்னரே இவற்றைச் சொல்லி விற்பதுதான் நமது சங்கங்களுக்கு மதிப்புத் தேடித்தரும்.

கைத்தறிப் பருத்தி முதற் சலவையில் சற்றுச் சுருங்கும். நான்கடி அகலச் சாளரத்துக்குத் துணி அதைப்போல் இருமடங்கு அகலம் வேண்டும். 48 அங்குல அகலமுள்ள துணியில் ஆறடி நீளத்துக்கு இரண்டு துண்டுகள், மடிப்புக்கும் சுருக்கத்துக்கும் சேர்த்து நான்கு மீட்டர் போதும். தைப்பதற்கு முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திவிடுங்கள்.

பூசும் முறை

நிறத்தை உறுதி செய்வதற்கு முன் சிறு டப்பா வாங்கி, இரண்டடிச் சதுரமான அட்டையில் இருமுறை பூசிக்கொள்ளுங்கள். அதைத் திரைத்துணியுடன் சேர்த்துச் சாளரத்தின் அருகிலும் இருண்ட மூலையிலும், காலையிலும் மாலையிலும், இரவில் உங்கள் வீட்டு விளக்கின் கீழும் வைத்துப் பாருங்கள். மூன்று நாள் பார்த்தும் மனம் மாறவில்லையானால் அதுவே உங்கள் நிறம்.

சுண்ணாம்பு அடிப்பதாயின், ஒரு கிலோ நீறாத சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் நீர் சேர்த்து ஒரு நாள் முழுதும் ஊறவிட வேண்டும். சுண்ணாம்பு நீரில் நீறும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணுக்குக் காப்பு அணிய வேண்டும். பிறகு துணியில் வடிகட்டி, பத்து லிட்டர் பாலுக்கு 40 கிராம் வீதம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் கையில் ஒட்டுவது குறையும். புதுச் சுவருக்கு மூன்று முறையாவது அடிக்க வேண்டும். நிறம் வேண்டின் காவி, மஞ்சட் காவி போன்ற மண் நிறங்களையே கலக்க வேண்டும். அவை இரும்பு கலந்தவையாதலால் சுண்ணாம்பின் காரத்தில் கெடுவதில்லை. பிரஷ்ய நீலம் போன்றவை கெட்டுவிடும். முன்பு பிளாஸ்டிக் வர்ணம் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய தோலை முற்றும் சுரண்ட வேண்டும். எண்ணெய்ப் புகை படியும் அடுக்களைக்குக் கழுவத்தக்க வர்ணமே ஏற்றது.

பிளாஸ்டிக் வர்ணத்துக்கு முதலில் பழைய வர்ணத்தைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, வெடிப்புகளில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன் பின்னரே வர்ணம். மேலிருந்து கீழாக, கூரையில் தொடங்கிக் கதவில் முடிக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பத்தடி உயரச் சுவர்கள் 440 சதுர அடி. கதவும் சாளரமும் 60 கழித்தால் 380. லிட்டருக்கு ஒரு முறைக்குச் சுமார் 120 சதுர அடி என்று கொண்டால், இருமுறைக்கு ஆறரை லிட்டர் வேண்டும். இக்கணக்கைத் தெரிந்துகொண்டு கடைக்குச் சென்றால் வீணாக வாங்க நேராது.

பழைய கதவு, சாளரக் கம்பிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முற்காலத்து எனாமல் வர்ணங்களில், சிறப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுதியாக இருந்தது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. மத்திய அரசு 2016-இல் விதி வகுத்து, வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பூசிய பழைய எனாமலை உலர்ந்தபடியே தேய்க்காதீர்கள். நீர் தெளித்து நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அவ்வேளையில் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வீட்டில் இருத்தல் கூடாது.

கூட்டாகச் செய்யத்தக்கவை

இறுதியாக, நமது சங்கங்கள் செய்யக்கூடியவை சில உள்ளன. ஒவ்வொரு சங்கமும் தான் நெய்யும் திரைத்துணி, விரிப்பு வகைகளின் சிறு துண்டுகளை அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்குப் பொருந்தும் இரண்டு சுவர் நிறங்களைப் பூசி ஒரு புத்தகமாக வைக்கலாம். வர்ணக் கடையில் அட்டைப் புத்தகம் இருப்பதுபோல் நம் விற்பனை நிலையத்திலும் இப்புத்தகம் இருக்கட்டும். ஒரே தெருவிலுள்ள அங்கத்தினர்கள் சுண்ணாம்பையும் பிரைமரையும் சேர்ந்து வாங்கி, ஏணியையும் சாரத்தையும் மாறி மாறிப் பயன்படுத்திக்கொள்ளலாம். இவை பெருஞ் செலவுள்ள காரியங்கள் அல்ல. சிறிது முயற்சியே வேண்டும்.

வருகின்ற பொங்கலுக்கு வர்ணக் கடைக்குப் புறப்படும் அங்கத்தினர்கள் முதலில் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்க்கட்டும். பிறகு தம் வீட்டு அலமாரியைத் திறந்து, மனத்துக்கு மிகவும் பிடித்த ஒரு சேலையை எடுத்து, உடல் எது, கரை எது, முந்தானை எது என்று பார்க்கட்டும். தங்கள் வீட்டுக்கு வேண்டிய வர்ணத் திட்டம் அதிலேயே இருக்கக் காண்பார்கள்.